அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல ஓர் ஆள்

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான ஒருவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த அந்த நொடியிலிருந்து, வழக்கு அவர் கையில் இருப்பதில்லை. குற்றவியல் சட்டத்தின் கண்ணில் வழக்கை நடத்துவது அரசு. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட அவருடைய வழக்கறிஞர் இருக்கிறார், அரசுக்காக வாதாட அரசு வழக்கறிஞர் இருக்கிறார், பாதிக்கப்பட்டவரோ ஒரு சாட்சி. பெரும்பாலும் அவர்தான் ஒரே நேரடிச் சாட்சி; ஆனாலும் சாட்சிதான். குற்றப்பத்திரிகை தாக்கலானதா, ஜாமீன் மனு என்றைக்கு விசாரணைக்கு வருகிறது, அரசு வழக்கறிஞர் மாறிவிட்டாரா என்பதையெல்லாம் யாருடைய உடலின் மீது குற்றம் நிகழ்ந்ததோ அவரே கடைசியாகத் தெரிந்துகொள்வது வழக்கமாகிவிட்டது.

பாதிக்கப்பட்டவர்களுடன் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் துணையாகச் செல்வது நீண்ட காலமாக என் வேலை. அவர்கள் என்னிடம் ஆறுதலைக் கேட்பதைவிட அதிகமாகக் கேட்பது தகவலை. "அக்கா, நாளைக்கு அவனும் அதே ரூம்லதான் இருப்பானா?" என்று கேட்கிற ஒரு பெண்ணுக்கு, "தைரியமாக இரு" என்ற பதிலால் ஒரு பயனும் இல்லை. அவன் எங்கே நிற்பான், நீதிபதி எங்கே அமர்ந்திருப்பார், இருவருக்கும் நடுவே திரை போடக் கேட்டிருக்கிறோமா, அந்த மனுவின் மீது உத்தரவு வந்துவிட்டதா என்பதைச் சொன்னால்தான் அவரால் அன்றிரவு கண்ணயர முடியும். தன் விருப்பத்தை மீறித் தன் உடலுக்கு ஏதோ செய்யப்பட்டதுதான் அந்தக் குற்றத்தின் சாரம். அதன் பிறகு நடைபெறும் விசாரணையும், யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாவிட்டாலும், அவரைக் கேட்காமலேயே அவருக்கு ஏதேதோ செய்துகொண்டு போனால், அதே கட்டுப்பாடின்மையை அவர் மறுபடியும் அனுபவிக்கிறார். ஆகவே, அடுத்து நடக்கப் போவதை அது நடப்பதற்கு முன்பே சொல்வதும், முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அவரையே முடிவெடுக்க விடுவதும்தான் ஆதரவு என்பதன் முதுகெலும்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் சில மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு திருத்த முடியாத இழப்புகள் அங்கேதான் ஏற்படுகின்றன. குளித்துவிட்டோமே, உடையைத் துவைத்துவிட்டோமே, இனிப் போய் என்ன பயன் என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் ஏராளம். குளித்திருந்தாலும் போகலாம், போக வேண்டும். தடயம் சேகரிப்பது மருத்துவப் பரிசோதனையின் ஒரு பகுதி மட்டுமே. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரை ஐந்து நாள் வரை பலன் தரக்கூடும், ஆனால் ஒவ்வொரு நாள் தாமதத்திலும் அதன் பலன் குறையும். உடைகளை எடுத்துச் செல்வதானால் பிளாஸ்டிக் பையில் திணிக்காமல் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கி, உயிரியல் தடயம் கெட்டுப்போகும்.

பரிசோதனைக்கான ஒப்புதல் என்பது ஒரு தாளில் ஒருமுறை போடுகிற கையெழுத்து அல்ல. நல்ல மருத்துவர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பாக, இப்போது எதைத் தொடப் போகிறேன், எதற்காக, எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, "தொடரலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் நிறுத்துவார்கள். ஒரு பெண் மருத்துவர், மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியை முதலில் அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் கொடுத்து, "இதுதான், இவ்வளவு மெல்லிசுதான், தொட்டுப் பாருங்கள்" என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அது முப்பது வினாடி வேலை. அந்த முப்பது வினாடிக்குப் பிறகு அந்தப் பெண்ணின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. இதற்கு நேர்மாறானதுதான் இரு விரல் பரிசோதனை என்ற பெயரில் பல காலம் நடந்த அவமானம்: பாதிக்கப்பட்டவர் பாலுறவுக்குப் பழகியவரா என்று அறிவதாகச் சொல்லி, அவருடைய பிறப்புறுப்பில் விரல்களைச் செலுத்திப் பார்ப்பது. அந்தப் பரிசோதனை பாதிக்கப்பட்டவரின் அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. அதன் பிறகும் அது ஒழியாததால், இனி அதைச் செய்கிற எவரும் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்று 2022-இல் கண்டிப்பாகத் தீர்ப்பளித்தது. கன்னித்தன்மைப் பரிசோதனை எதற்கும் அறிவியல் அடிப்படை கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் அறிவித்துவிட்டது. துணையாகச் செல்கிறவர் இதைத் தெரிந்து வைத்திருந்தால், தேவைப்படும்போது அமைதியாக, ஆனால் தெளிவாக, "இந்தப் பரிசோதனைக்கு இவர் உட்பட வேண்டியதில்லை" என்று சொல்ல முடியும்.

இன்னொன்றையும் பரிசோதனைக்கு முன்பே பாதிக்கப்பட்டவரிடம் சொல்லிவிடுவேன். உடலில் காயம் இல்லை என்று அறிக்கை வரலாம். அதற்கு, எதுவும் நடக்கவில்லை என்று பொருளல்ல. வன்கொடுமைக்கு உள்ளான பலரின் உடலில் வெளிப்படையான காயம் எதுவும் இருப்பதில்லை. இதை யாரும் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு அறிக்கையில் "காயம் இல்லை" என்ற வரியைப் படிக்க நேர்ந்தவர்கள், மருத்துவரே தன்னை நம்பவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு புகாரைக் கைவிடும் அளவுக்குப் போவதுண்டு.

அடுத்தது வாக்குமூலம். இங்கேதான் காவல் துறையினரும், சில நேரங்களில் குடும்பத்தினரும்கூட, பாதிக்கப்பட்டவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தங்கள் மனத்தில் வைத்திருக்கும் ஒரு சித்திரத்தோடு அவரை ஒப்பிடத் தொடங்குகிறார்கள். அழ வேண்டும், நடுங்க வேண்டும், நிகழ்ந்ததை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும், கத்திப் போராடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆன் பர்ஜஸ் என்ற செவிலியரும் லின்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் பேசி 1974-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சித்திரத்தை அப்போதே உடைத்துவிட்டது. வந்தவர்களில் ஒரு சாரார் அழுதார்கள், பதறினார்கள். ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான இன்னொரு சாரார் அமைதியாக, உணர்ச்சியை உள்ளே அடக்கிக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். அந்த ஆய்வு வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அமைதியாக இருப்பவரைப் பார்த்து, "இவளைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்லும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிடவில்லை என்ற கேள்விக்கும் மருத்துவம் பதில் சொல்லியிருக்கிறது. பெரும் அச்சத்தின் போது, தப்பிக்கவும் வழியில்லை எனும்போது, உடல் தானாகவே உறைந்துபோகும். கை கால் அசையாது, குரல் எழாது. ஸ்டாக்ஹோம் நகரில் வன்கொடுமைக்கு உள்ளானவர்களுக்கான அவசர மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவில் இப்படி உறைந்துபோயிருந்தது தெரியவந்தது. 48 விழுக்காட்டினருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. இந்தச் செய்தியைப் பாதிக்கப்பட்டவரிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஏற்படும் மாற்றத்தைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கேட்பதற்கு முன்பே, "நான் ஏன் சும்மா கிடந்தேன்" என்று அவர் தன்னையே ஆயிரம் முறை கேட்டிருப்பார்.

எதிர்ப்புக் காட்டாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மதுரா வழக்கு சாட்சி. 1972-இல் காவல் நிலைய வளாகத்திலேயே ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில், உடலில் காயம் இல்லை, கூச்சலிடவில்லை என்பதையெல்லாம் காரணம் காட்டி இந்திய உச்ச நீதிமன்றம் இரு காவலர்களையும் விடுதலை செய்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் பெரும் போராட்டத்துக்கு வித்திட்டது. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டு, மூடிய அறையில் விசாரணை நடத்துவதும் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதற்கான தடையும் வந்தன. இன்றைக்கு நாம் சாதாரணமாகக் கேட்டுப் பெறுகிற பாதுகாப்புகள், ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட அநீதியின் பேரில் பிறர் போராடி வாங்கியவை.

வாக்குமூலம் கொடுக்கிறவருக்கு நான் சொல்வது மிகச் சில சொற்கள்தான். நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள். நினைவில் இல்லாததை, நினைவில்லை என்று சொல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால், புரியவில்லை என்று சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு, தவறு இருந்தால் திருத்தச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்திடுங்கள். இவற்றில் முதல் இரண்டும் சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. எதிரே இருக்கும் அதிகாரி பொறுமையிழந்து, "எத்தனை மணி இருக்கும், சுமாராகச் சொல்லுங்கள்" என்று நெருக்கும்போது, யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு மணியைச் சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொன்ன அந்த மணிதான் ஓராண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் திரும்பி வரும்: "காவல் நிலையத்தில் ஒன்பது மணி என்றீர்கள், மாஜிஸ்திரேட்டிடம் எட்டரை என்றீர்கள், இதில் எது பொய்?" பேரச்சத்தின் போது மனம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சுவரின் நிறம், ஒரு வாசனை, வெளியே ஓடிய மோட்டாரின் சத்தம் ஆகியவை துல்லியமாகப் பதிந்திருக்கும். நேரமும் வரிசையும் கலைந்திருக்கும். அதனால் பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்வது வழக்கைப் பலவீனப்படுத்தாது, காப்பாற்றும்.

இங்கே துணை நிற்பவர்களுக்கான ஒரு கடுமையான எல்லையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்பு மிகுதியால் இதை மீறுகிறவர்களே அதிகம். நடந்ததைப் பற்றிய விவரங்களை நாம் பாதிக்கப்பட்டவரோடு மறுபடி மறுபடி பேசக் கூடாது. விட்டுப்போனதை நினைவுபடுத்தக் கூடாது, இப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது, அவர் தயங்கும் இடத்தில் சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தார்கள் என்ற ஐயம் எழுந்தாலே போதும், உண்மையான சாட்சியமும் மதிப்பிழந்துவிடும். நம்மிடம் அவர் சொன்னவற்றுக்கு நம்மையே சாட்சியாக அழைக்கக்கூடும். நாம் எழுதி வைக்கும் குறிப்புகளை நீதிமன்றம் கேட்டுப் பெறக்கூடும். ஆகவே, என்னால் எதை ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். நடைமுறையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். சாட்சியத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அவர் அழுது தீர்க்க வேண்டும் என்றால் அருகில் இருக்கலாம், கேட்கலாம். துருவக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படி ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது நல்ல மனம் படைத்த சிலரின் ஆசை மட்டுமல்ல. டெல்லி வீட்டுப் பணிப்பெண்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். குற்றவியல் நடைமுறையை நன்கு அறிந்த ஒரு வழக்கறிஞர் புகார் கொடுப்பவருக்கு வேண்டும். நடைமுறையின் தன்மையை விளக்குவதும், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் உதவுவதும், மனநல ஆலோசனை, மருத்துவ உதவி போன்றவற்றை எங்கே பெறலாம் என்று வழிகாட்டுவதும் அவர் பணி. காவல் நிலையத்தில் தொடங்கியவரே வழக்கு முடியும் வரை தொடர வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. கடைசியில் இருக்கும் அந்தத் தொடர்ச்சிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, நடைமுறையில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 2005 முதல் இதற்கென்றே பயிற்சி பெற்ற சுயாதீன ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டு வருகிறார்கள். அவர்கள் காவல் துறையின் ஊழியர்களும் அல்ல, அரசுத் தரப்பின் ஆட்களும் அல்ல. அமெரிக்காவில் ரெபெக்கா கேம்ப்பெல் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய துணையாளர் இருந்த ஒரு மருத்துவமனையையும் இல்லாத ஒரு மருத்துவமனையையும் ஒப்பிட்டது. துணையாளர் இருந்த இடத்தில் காவல் துறையினர் புகாரைப் பதிவு செய்வதும், தேவையான மருத்துவ சேவை கிடைப்பதும் அதிகமாக இருந்தன. மனம் புண்படும்படி நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் குறைவாக இருந்தார்கள். கூட ஒருவர் இருக்கிறார் என்பதாலேயே அலுவலர்களின் நடத்தை மாறுகிறது என்பதை நானும் நேரில் கண்டிருக்கிறேன்.

பிறகு வருவது காத்திருப்பு. வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் பற்றி எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மாதங்களை, ஆண்டுகளை, ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். என் அனுபவத்தில் அதிகமானோர் சோர்ந்து விலகுவது அந்த இடைவெளியில்தான். தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போனது என்ன ஆயிற்று என்று தெரியாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2009-இல் காவல் துறையின் கிடங்கு ஒன்றில் 11,000-க்கும் மேற்பட்ட தடயப் பெட்டிகள் சோதிக்கப்படாமலேயே கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால், அந்த நீண்ட பரிசோதனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிய ஒருவர் இருக்கிறார். தன் தடயம் ஆய்வகத்தில் இருக்கிறது, முடிவு வந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டு அவர்கள் எத்தனை ஆண்டு காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

காத்திருப்பின் போது மூன்று விஷயங்கள் பாதிக்கப்பட்டவரை அரிக்கின்றன. ஒன்று, ஜாமீன். குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே வந்துவிட்டார் என்பதைத் தெருவில் அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கொடுமை யாருக்கும் நேரக் கூடாது. ஜாமீன் மனு எப்போது வருகிறது, அதை எதிர்த்துத் தன் தரப்பைச் சொல்ல முடியுமா, கிடைத்தால் நெருங்கக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது என்ற நிபந்தனைகளைக் கேட்க முடியுமா என்பவை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குற்ற வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றமே 2022-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, சமரசப் பேச்சு. குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் அல்ல. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், மேலதிகாரி, காதலன், கணவன். ஆகவே பேச வருகிறவர்களும் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். "அவன் வாழ்க்கையும் வீணாகிவிடும், உன் பேரும் கெட்டுவிடும்" என்ற பேச்சு மெல்ல மெல்ல வந்துகொண்டே இருக்கும். இப்படி மிரட்டியும் கெஞ்சியும் களைக்க வைத்து, கடைசியில் அவர் நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னால், பிறழ்சாட்சி என்று ஒரே சொல்லில் ஊர் அவரை ஒதுக்கிவிடும். அந்தச் சொல்லை நான் எளிதில் பயன்படுத்துவதில்லை. எத்தனை பேர் எத்தனை நாள் அவர் வீட்டுக்கு வந்துபோனார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள் தெரியாது. இத்தகைய தொடர்புகள் ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதி வைக்கவும், விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும், சாட்சிப் பாதுகாப்புக் கேட்கவும் உதவலாம். அதையும் மீறி அவர் விலக முடிவெடுத்தால், அந்த முடிவையும் மதிக்க வேண்டும். வழக்கு தொடர்வதற்காக நான் அவரோடு இல்லை, அவருக்காக இருக்கிறேன்.

மூன்றாவது, சிகிச்சை. வழக்கு முடியும் வரை மனநல ஆலோசனைக்குப் போகாதே, போனால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்று நெருங்கியவர்களே தடுப்பார்கள். தூக்கமில்லாமல், திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழிக்கிற ஒருவரிடம் இரண்டு மூன்று ஆண்டு பொறு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இங்கிலாந்தின் அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் துறை, வழக்கைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2022-இல் வழிகாட்டியிருக்கிறது. ஆலோசகரிடம் வழக்கு நிலுவையில் இருப்பதைச் சொல்லிவிட்டு, நடந்ததன் விவரங்களை விட்டு இப்போதைய வாழ்வைச் சமாளிப்பதில் கவனம் செலுத்துமாறு கேட்டுக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம்.

இனி நீதிமன்றம். சாட்சியம் சொல்லும் நாளுக்கு முன்பு ஒருமுறையாவது, நீதிமன்றம் காலியாக இருக்கும் நேரத்தில், அவரை அழைத்துச் சென்று காட்டுவது நல்லது. எந்த வாசல், கழிப்பறை எங்கே, சாட்சிக் கூண்டில் நின்றால் யார் யார் கண்ணில் படுவார்கள் என்பதையெல்லாம் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் நடைகூடத்தில் காத்திருக்கிறது. ஒரு வழக்கில், தனிக் காத்திருப்பு அறை இல்லாததால், நாங்கள் உட்கார்ந்திருந்த அதே நீள பெஞ்சின் மறுமுனையில் குற்றம் சாட்டப்பட்டவரின் தாயும் தங்கையும் வந்து அமர்ந்தார்கள். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண் தன் சேலைத் தலைப்பின் நூலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருந்தார். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வாய்தா போட்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும், தனி அறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுகிறோம்.

மூடிய அறை விசாரணை, குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காமல் இருக்கத் திரை, காணொளி வழிச் சாட்சியம் ஆகியவை இன்று பல நாட்டுச் சட்டங்களில் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் கேட்டால்தான் கிடைக்கும், கேட்கலாம் என்பதே தெரியாதவருக்குக் கிடைக்காது. இந்திய உச்ச நீதிமன்றம் 2004-இல் இன்னொரு வழியையும் காட்டியது: சம்பவத்தைப் பற்றிய குறுக்கு விசாரணைக் கேள்விகளை நீதிபதியிடம் எழுத்தில் கொடுத்து, அவர் வாயிலாகத் தெளிவான, கூச்சப்படுத்தாத மொழியில் கேட்கலாம், தேவையான அளவு இடைவேளை தரலாம். இங்கிலாந்து 1999-ஆம் ஆண்டின் சட்டப்படி குறுக்கு விசாரணையையே முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ளும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்து, 2022-இல் கடுமையான குற்ற வழக்குகளை விசாரிக்கும் தன் கிரவுன் நீதிமன்றங்கள் எல்லாவற்றுக்கும் விரிவாக்கியது. பாதிக்கப்பட்டவரின் முந்தைய பாலியல் உறவுகளைக் கிளறுவதற்கான கட்டுப்பாடு கனடாவில் 1992-இல் புதிதாக வகுக்கப்பட்டது; இந்தியச் சட்டத்திலும் அத்தகைய தடை இருக்கிறது. சட்டம் இருந்தும் கேள்வி கேட்கப்படுவதுண்டு. அப்போது தடுக்க வேண்டியது அரசு வழக்கறிஞரும் நீதிபதியும். குறுக்கு விசாரணையில் பாதிக்கப்பட்டவர் வதைக்கப்படும்போது நீதிமன்றம் வாய்மூடிப் பார்வையாளராக அமர்ந்திருக்கக் கூடாது என்று 1996-இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான். அவருடைய சாட்சியம் நம்பத்தகுந்ததாக இருந்தால் வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

குறுக்கு விசாரணை எப்படி இருக்கும் என்பதை மறைத்து ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது அவருக்குச் செய்யும் துரோகம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் வாதத்தைச் சாட்சியிடம் நேருக்கு நேர் சொல்லியாக வேண்டும் என்பது வழக்கு நடத்தும் முறை. ஆகவே முடிவில், "பணம் பறிக்கப் பொய் வழக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று சொன்னால் சரிதானே?" என்பது போன்ற கேள்வி வரும். வரத்தான் செய்யும். அது அந்த வழக்கறிஞரின் சொந்தக் கருத்தோ, நீதிபதி அப்படி நினைக்கிறார் என்பதன் அறிகுறியோ அல்ல. "சரியல்ல" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நிற்கலாம் என்று முன்பே விளக்கியிருந்தால், அந்தக் கேள்வி வரும்போது அவர் அதை அடையாளம் கண்டுகொள்வார். விளக்கப்படாதவருக்கு அது எல்லோர் முன்னிலையிலும் விழுகிற அறை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமான விசாரணை வேண்டும் என்பதில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. சாட்சியைச் சோதிப்பது ஒன்று, சிறுமைப்படுத்துவது இன்னொன்று. தண்ணீர் குடிக்கவும், மூச்சு விடவும், கேள்வியைத் திரும்பக் கேட்கவும் நேரம் கொடுப்பதால் யாருடைய நியாயமும் குறைந்துவிடாது.

தீர்ப்பு நாளுக்கு முன்பும் பேச வேண்டும். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டால்தான் தண்டனை. ஐயம் எஞ்சினால் விடுதலை. விடுதலைத் தீர்ப்பு, நீ பொய் சொன்னாய் என்று சொல்வதில்லை. இதை விடுதலை ஆன பிறகு சொன்னால் வெறும் தேறுதலாகத்தான் காதில் விழும். அதற்கு முன்பே சொல்லியிருந்தால் கொஞ்சமாவது தாங்கும். இங்கிலாந்தில் வன்கொடுமைப் புகார்கள் கையாளப்படும் விதத்தை ஆராய்ந்து, பிரபுக்கள் சபை உறுப்பினர் பாரனஸ் ஸ்டெர்ன் 2010-இல் அளித்த அறிக்கை, தண்டனை விகிதம் ஒன்றை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளக் கூடாது, பாதிக்கப்பட்டவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதற்கும் அதே முக்கியத்துவம் தர வேண்டும் என்று வலியுறுத்தியது. விடுதலையில் முடிந்த வழக்கிலும், "என்னை நம்பிக் கேட்டார்கள், அடுத்து என்ன என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள்" என்று நிமிர்ந்து வெளியே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்டனையில் முடிந்த வழக்கிலும் உடைந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்களும் சிறுவர்களும் இந்தக் கொடுமைக்கு ஆளாகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாதை இன்னும் கரடுமுரடானது. சில நாட்டுச் சட்டங்களில் வயது வந்த ஆணுக்கு நேர்வது இந்தக் குற்றத்தின் வரையறைக்குள்ளேயே வருவதில்லை. துணை நிற்பவர் செய்ய வேண்டியது அவர்கள் விஷயத்திலும் இதேதான்.

குடும்பத்தினர் பலர் என்னிடம், "நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்கள். முதலில் நம்புங்கள். ஏன் போனாய், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். வழக்கின் தேதிகள், அதிகாரிகளின் பெயர், வழக்கு எண், கொடுத்த மனுக்களின் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்; அதைச் சுமக்கும் வேலையையாவது அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குக்காக எங்கும் போகாத நாள்களில் அவரோடு வழக்கைப் பற்றிப் பேசாமல் இருங்கள்.

தண்டனை கிடைத்துவிட்டால் எல்லோரும் கலைந்து போய்விடுகிறார்கள். ஆனால் மேல்முறையீடு இருக்கிறது, தண்டனையை நிறுத்தி வைக்கக் கோரும் மனு இருக்கிறது, பரோல் இருக்கிறது, ஒருநாள் தண்டனைக் காலம் முடிவதும் இருக்கிறது. இந்தத் தேதிகளை யார் அவருக்குச் சொல்வது என்பதைத் தீர்ப்பு வந்த அன்றே முடிவு செய்ய வேண்டும். எந்த அலுவலகத்தில் தன் தொடர்பு எண்ணைப் பதிந்து வைக்க வேண்டும், வீடு மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டில் தனக்கும் பேச வாய்ப்பு உண்டா என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் செய்திகள் தனக்கே வேண்டாம், வேறொருவரிடம் சொன்னால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். அந்த வேறொருவர் யார் என்பதையும் அவரே சொல்லட்டும்.